பொய்க்கால் பேச்சு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'ஸ்டில்டெட்' என்று வழங்கும் அச்சொல்லை நம்மிற் பலர் படித்திருப்போம். இயல்பு கெட்டு, மிடுக்கு மிகுந்து, கேட்போர் நெஞ்சில் ஒட்டாமல் நிற்கும் பேச்சையும் எழுத்தையும் அச்சொல்லாற் குறிப்பர். அதற்குச் 'செயற்கையான', 'பகட்டான' என்றெல்லாம் தமிழில் பொருள் கூறலாம். ஆயினும் அச்சொல்லின் உள்ளே ஓர் ஓவியம் இருக்கிறது. அது இவற்றாற் புலப்படுவதில்லை. 'ஸ்டில்ட்' என்பது தரையினின்றும் உயர்ந்து நடப்பதற்காகக் காலொடு பொருத்திக்கொள்ளும் கழி. அக்கழியின்மேல் ஏறி நடப்பவனைப் போன்ற பேச்சு என்பதே அச்சொல்லின் கருத்து.

அக்கழி நமக்குப் புதியதன்று. தஞ்சைப் பகுதித் திருவிழாக்களில் பொய்க்கால் குதிரை ஆட்டம் கண்டவர்கள் இவ்வவையிற் பலர் இருப்பீர்கள். ஆடுபவர் காலில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குதிரைக் கூட்டைத் தாங்கி, மேளத்திற்கு ஏற்பத் துள்ளி வருவார். ஆகவே இவ்வுரையில் 'ஸ்டில்டெட்' என்ற சொல்லுக்கு ஈடாகப் 'பொய்க்கால் பேச்சு' என்று வழங்குவோம். நம் ஊர்களில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. 'பண்டிதத் தமிழ்' என்பார் சிலர். 'மேடைத் தமிழ்' என்பார் சிலர். 'நாடகத் தமிழ்', 'புத்தகத் தமிழ்' என்பாரும் உளர். இவையெல்லாம் அப்பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லுகின்றனவேயன்றி, அதிலுள்ள குற்றம் யாது என்று சொல்லவில்லை. பண்டிதரிடம் குற்றமில்லை, மேடையிடம் குற்றமில்லை, புத்தகத்திடம் அறவே குற்றமில்லை. பொய்க்கால் என்ற சொல்லோ குற்றத்தை நேரே சுட்டிவிடுகிறது. தரையில் நடக்கவேண்டிய இடத்தில் கட்டையின்மேல் ஏறி நடத்தலே அக்குற்றம்.

மரக்காலின் பயன்

பொய்க்கால் என்றவுடன் அஃது இழிந்தது என்று கருதிவிடலாகாது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினொரு வகை ஆடல்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மரக்கால் ஆடல். அது கொற்றவைக்கு உரியது. அவுணர்கள் பாம்பும் தேளுமாக உருக்கொண்டு வஞ்சமாக வந்தபோது, தேவி மரக்கால் பூண்டு அவற்றை மிதித்து அழித்தாள் என்பது அதன் கதை. தரையிலே நஞ்சு ஊரும்போது உயர்ந்து நிற்றல் அறிவுடைமையன்றோ?

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் லாந்து என்னும் பகுதி முற்காலத்தில் ஈரமும் சேறும் மிகுந்த வெளியாக இருந்தது. அங்கே ஆடு மேய்ப்போர் 19ஆம் நூற்றாண்டிலும் உயர்ந்த கழிகளின்மேல் நின்றே மந்தையைக் காத்தனர். காலும் நனையவில்லை, தொலைவில் சென்ற ஆடும் கண்ணுக்குத் தெரிந்தது. நம் நாட்டில் அசாமிலே, பிரம்மபுத்திரா வெள்ளம் ஏறும் கரைகளில் வாழும் மிசிங் மக்கள் தம் வீடுகளையே கால்களின்மேல் எழுப்பிக்கொள்கின்றனர். தேவை உள்ள இடத்தில் மரக்கால் ஒரு கருவி. தேவை இல்லாத இடத்தில் அதுவே தடை.

மொழிக்கும் இஃது ஒக்கும். நிலம் விற்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மேற்படி', 'அடியிற் கண்ட', 'சர்வ சுதந்திர பாத்தியதை' என்று அதன் நடை செல்லும். வீட்டில் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. ஆயினும் இருபது ஆண்டு கழித்துப் பங்காளிகளுக்குள் வழக்கு வந்தால், எந்த வரப்புக்கு வடக்கு, எந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று ஐயமின்றிச் சொல்லவேண்டிய பொறுப்பு அப்பத்திரத்துக்கு உண்டு. ஆதலின் அங்கே உயர்ந்த கட்டை தேவையாயிற்று.

திருமண அழைப்பிதழும் அவ்வாறே. சுற்றமும் நட்பும் சூழ வந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டும் என்று அதில் அச்சிடுகிறோம். அவ்வழைப்பிதழை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது என்ன சொல்லுகிறோம்? "அத்தை, நீங்க முதல் நாளே வந்துடணும். நீங்க வந்து நின்னாத்தான் எங்களுக்குத் தெம்பு" என்கிறோம். அட்டையிலே உயர்ந்த தமிழ். வாயிற்படியிலே வீட்டுத் தமிழ். இரண்டும் அதனதன் இடத்தில் அழகு. இதனை மாற்றி, வாயிற்படியில் நின்று அட்டையில் உள்ளபடியே ஒப்பித்தால், அத்தையம்மாள் நம் முதுகுக்குப் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களோ என்று எட்டிப் பார்ப்பார்.

மேடையும் திரையும் இவ்வுண்மையையே காட்டுகின்றன. 1949இல் வெளிவந்த அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952இல் கலைஞர் கருணாநிதியின் உரையாடலுடன் வந்த 'பராசக்தி' ஆகிய படங்களில் ஒலித்த அடுக்குமொழி, தெருவில் மக்கள் பேசும் மொழியன்று. எனினும் மக்கள் அதனை மனப்பாடம் செய்தனர். சொல்லவந்த செய்தி உயரமாக இருந்தது. சொல்லும் அதற்கு ஒத்து உயர்ந்தது. பின்னர் 1959இல் ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' குடும்பத்தார் பேசும் இயல்பான பேச்சுக்கு அருகில் வந்தது. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' சிற்றூரின் பேச்சையே திரையில் ஏற்றிற்று. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. நியாயவிலைக் கடையில் நின்றுகொண்டு 'பராசக்தி'யின் நீதிமன்ற நடையில் மண்ணெண்ணெய் கேட்பவன் நகைப்புக்கு உரியவனாவான். குற்றம் அந்நடையிலன்று, அதை அவன் கொண்டுவந்து வைத்த இடத்தில் இருக்கிறது.

ஆகவே உயர்ந்த சொல் குற்றமுடையதன்று. கடுமையான சொல்லும் குற்றமுடையதன்று. சொல்லப்படும் செய்தியைக் காட்டிலும், பேசும் இருவருக்குள் இருக்கும் உறவைக் காட்டிலும் சொல் உயர்ந்துவிடும்போதே அது பொய்க்கால் ஆகிறது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அவையறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். சொல்லத் தெரிவது ஓர் ஆற்றல். கேட்பவர் யார் என்று தெரிவது மற்றோர் ஆற்றல். நன்னூல் ஆசிரியரும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலை ஒன்றாக எண்ணினார்.

மனுவும் மறுமொழியும்

இக்குடியிருப்பில் வாழும் நம்மிற் பெரும்பாலோர் நாள்தோறும் கோப்புகளோடு உறவாடுபவர்கள். பொய்க்கால் பேச்சினால் விளையும் தீங்கு வெறும் நகைப்போடு நின்றுவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

கணவனை இழந்த ஓர் அம்மையார் குடும்ப ஓய்வூதியம் வேண்டி மனு எழுதுவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கொடுப்பவர் ஆங்கிலத்தில் 'ஐ பெக் டு சப்மிட்' என்று தொடங்குவார். வணக்கத்திற்கு நான்கு வரி, ஏழைமைக்கு ஆறு வரி, கருணைக்கு மூன்று வரி, இறுதியில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று ஒரு வரி. அத்தனையையும் படித்து முடித்த பின்னர்த் தேடினால், இறந்தவரின் ஓய்வூதிய ஆணை எண் இல்லை. இறந்த நாள் இல்லை. வங்கிக் கணக்கு எண் இல்லை. 'வேண்டியதைச் செய்க' என்றால் வேண்டியது யாது? எழுதியவர் சொற்களால் பெரிய பந்தல் போட்டார். மணமகளை உள்ளே அழைத்துவர மறந்துவிட்டார். அத்தாள் திரும்பி வரும். அது திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மையாரின் அடுப்பில் உலை ஏறுவது தள்ளிப் போகிறது.

மறுமொழியின் நிலையும் பல இடங்களில் இதனினும் மேம்பட்டதன்று. 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையின் தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு ஏற்கத்தக்கதாக இல்லை' என்று ஒரு வரி வரும். எந்த ஆவணம்? யாரிடம் பெறுவது? மீண்டும் முதலிலிருந்து எழுதவேண்டுமா? ஒன்றும் விளங்காது. இதனையே, 'இறப்புச் சான்றிதழின் நகல் இல்லை. அதை மட்டும் அனுப்புங்கள். உங்கள் மனு எங்களிடம் இருக்கிறது' என்று எழுதினால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது. அம்மூன்று வரியும் அம்மையாருக்கு ஒரு திங்களை மிச்சப்படுத்தும்.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அரசு அலுவலர் எழுத்து இவ்வாறு வீங்கிக் கிடந்தது. அதனைத் திருத்தும்பொருட்டு எர்னஸ்ட் கவர்ஸ் என்பார் 1948இல் 'பிளெயின் வர்ட்ஸ்' என்ற சிறு நூலை அரசு ஊழியருக்காக எழுதினார். பின்னர் விரிவாக்கப்பட்டு அது 1954இல் வெளிவந்தது. ஆங்கிலேயரிடமிருந்து அலுவலக ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்ட நாம், அவர்கள் தம் நடையைத் திருத்திக்கொள்ள முற்பட்டதைக் கற்றுக்கொள்ளவில்லை.

பொய்க்கால் பேச்சுக்கு மற்றொரு பயனும் உண்டு, அது மறைத்தல். வண்டி தாமதமானால் நிலையத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புக் கேட்கிறோம். நேர்ந்த இன்னல் ஆழ்ந்து 'வருந்தப்படுகிறது' என்பது அதன் கருத்து. வருந்துபவர் யார்? அவ்வாக்கியத்தில் ஆளே இல்லை. தமிழின் இயல்பு இதற்கு இடம் கொடுப்பதில்லை. 'வருந்துகிறோம்' என்றுதான் சொல்லவேண்டும். அவ்வாறு சொன்னவுடன் வருந்துவதற்கு ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார். மொழி இயல்பாக இருந்தால் பொறுப்பும் உடன் வரும் என்பதற்கு இது சான்று.

இங்கு ஒன்றை மறவாமற் சொல்லவேண்டும். நம் தென்னக நிலையங்களில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அறிவிப்பர். ஆங்கிலச் சொற்றொடரைத் தழுவிப் பிறந்தது அது. கவனத்திற்கு ஏது கனிவு என்று இலக்கணம் வல்லார் கேட்கலாம். ஆயினும் ஈராண்டுக்கு ஒரு முறை ஊர் செல்லும் நாம், இரண்டு இரவும் பகலும் பயணம் செய்து சென்னையில் இறங்கி அக்குரலைக் கேட்கும்போது, நம் நெஞ்சு கனிந்துவிடுகிறது. பல்லாண்டு நம்மோடு பழகிய பொய்க்கால், காலாகவே ஆகிவிடுவதும் உண்டு.

அண்டை மொழிகளின் பாடம்

மேற்கு வங்கத்தில் வாழும் நாம் நம்மைச் சுற்றியுள்ளோரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். வங்க மொழியில் 'சாது பாஷா' என்ற எழுத்து நடையும், 'சலித் பாஷா' என்ற வழக்கு நடையும் இருந்தன. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதைப் பழைய நடையில் 'ஜாயிதேச்சி' என்று எழுதுவர். அண்டை வீட்டார் 'ஜாச்சி' என்பர். 1914இல் பிரமத சௌதுரி 'சபுஜ் பத்ர' என்னும் இதழைத் தொடங்கி வழக்கு நடைக்காக வாதாடினார். இரவீந்திரநாத தாகூரும் அதற்குத் துணை நின்றார். எனினும் ஆனந்தபஜார் பத்திரிகை என்னும் பெரு நாளேடு தன் செய்திகளை வழக்கு நடைக்கு மாற்றியது 1965இலேதான். மொழி ஒரே நாளில் கட்டையிலிருந்து இறங்கிவிடுவதில்லை.

நம்மோடு பணிபுரியும் தெலுங்கு அன்பர்களும் இத்தகைய வரலாறு உடையவர்கள். 'கிராந்திகம்' என்ற நூல்நடைக்கும் 'வியாவஹாரிகம்' என்ற வழக்கு நடைக்கும் இடையே அங்குப் பெரும் போர் நிகழ்ந்தது. பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்த கிடுகு வெங்கட ராமமூர்த்தி அவர்கள் மக்கள் பேசும் தெலுங்கையே எழுதவேண்டும் என்று உழைத்தார். அவர் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாளே தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்தி அன்பர்கள் இயல்பற்ற பேச்சைக் 'கிதாபி' என்பர். புத்தகத்தைச் சார்ந்தது என்பது பொருள். ரயிலுக்கு 'லௌஹ பத காமினி', அதாவது இரும்புப் பாதையிற் செல்பவள் என்று பெயரிட்டுத் தாமே நகைத்துக்கொள்வர். எந்தச் சீட்டுச் சாளரத்திலும் எவரும் அச்சொல்லைச் சொல்லிச் சீட்டு வாங்கியதில்லை. அவர்களுக்கு 'ரேல் காடி' போதும்.

இவற்றைக் கேட்டு, தூய தமிழ்ச் சொற்களும் பொய்க்கால்தாமோ என்று சிலர் ஐயுறலாம். அன்று. மேடையில் ஒரு காலத்தில் 'அக்கிராசனர்', 'பிரசங்கம்', 'வந்தனோபசாரம்' என்றனர். அவற்றுக்கு மாற்றாகத் 'தலைவர்', 'சொற்பொழிவு', 'நன்றியுரை' என்ற சொற்கள் வந்தபோது அவையும் பலர்க்குக் கட்டையாகவே தோன்றியிருக்கும். இன்று நம் சங்கத்துச் சிறுவனும் 'நன்றியுரை' என்கிறான். பழைய சொற்களே அவனுக்கு விளங்குவதில்லை. 'மந்திரி' இருந்த இடத்தில் 'அமைச்சர்' அமர்ந்துவிட்டார். சொல் புதியதா, தூயதா என்பது வேறு வினா. அது நாவிற் பழகியதா, இடத்திற்குப் பொருந்துமா என்பது வேறு வினா. இரண்டையும் குழப்புதல் ஆகாது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இதுகாறும் சொன்னவை இப்பொழுது சொல்லப்போவதற்கு முன்னுரையே.

ஊரில் வளரும் பிள்ளை முதலில் வீட்டுத் தமிழைக் காதாற் கேட்டு, பின்னர்ப் பள்ளியில் எழுத்துத் தமிழைக் கற்கிறது. நம் குடியிருப்பில் வளரும் பிள்ளைகள் பலருக்கோ வரிசை மாறிவிடுகிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும்; விளையாட்டுத் திடலில் வங்காளமும் இந்தியும்; வீட்டில் பெற்றோர் பேசும் தமிழ் சிறிது, அதிலும் பாதி பிறமொழி. எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை வகுப்பும், பாடநூலும், தொலைக்காட்சிச் செய்தியுமே. ஆகவே அவர்கள் தமிழ் பேச முயலும்போது பாடநூல் தமிழே வாயில் வருகிறது.

விடுமுறைக்கு ஊர் செல்கிறார்கள். ஒரு சிறுமி ஆசையோடு பாட்டியிடம் சென்று, "பாட்டி, தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?" என்று கேட்கிறாள். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் சிரிக்கின்றனர். மாமன் மகனும் சித்தப்பா மகளும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகின்றனர். யாரும் தீய எண்ணத்தோடு சிரிப்பதில்லை, அன்பினாலேயே சிரிக்கின்றனர். ஆனால் அச்சிறுமிக்கு அது தெரியுமா? மறுநாள் பாட்டி ஏதேனும் கேட்டால் அவள் தலையை மட்டும் அசைக்கிறாள். அடுத்த ஆண்டு இந்தியில் விடை சொல்லுகிறாள். அதற்கடுத்த ஆண்டு பாட்டியின் அருகில் செல்வதையே குறைத்துக்கொள்கிறாள். இத்தகைய நிகழ்ச்சி நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று.

அன்பர்களே! அச்சிறுமியின் பேச்சும் பொய்க்கால் பேச்சே. ஆனால் பெருமைக்காக ஏறியவர்களின் பொய்க்காலுக்கும் அவள் பொய்க்காலுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. அவளுக்கு நாம் வேறு கால் கொடுக்கவில்லை. வீட்டுத் தமிழ் என்னும் தரையை நாம் அவளுக்குக் காட்டாதபோது, கிடைத்த கட்டையைப் பற்றிக்கொண்டு அவள் தன் பாட்டியிடம் நடந்து வந்தாள். அவ்வாறு நடந்து வந்த குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதா, கைகொடுத்து இறக்கிவிடுவதா?

பாட்டி மட்டும் அப்போது, "சாப்பிட்டேன்டி கண்ணு. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தால், அதுவே சிறந்த பாடமாக அமைந்திருக்கும். திருத்தியதுபோல் தோன்றாமலேயே திருந்தியிருக்கும்.

வீட்டுத் தமிழைக் கற்பிப்பதற்கு அது கெட்டுப்போன தமிழன்றோ என்று சிலர் தயங்குவர். அதற்கும் ஒழுங்கு உண்டு. 'படிக்கிறார்கள்' என்பது 'படிக்கிறாங்க' ஆகும். 'நடக்கிறார்கள்' என்பது 'நடக்கிறாங்க' ஆகும். 'அவர்கள்' 'அவங்க' ஆவதும் அதே முறையில்தான். 'மரத்தில்' 'மரத்துல' ஆனால் 'வீட்டில்' 'வீட்டுல' ஆகும். பத்து நாள் காதாற் கேட்டால் பிள்ளை இவ்வொழுங்கைத் தானே கண்டுகொள்ளும். கண்டபடி சிதைவதற்கு இவ்வாறு ஒழுங்கு இராது.

அவ்வாறாயின் எழுத்துத் தமிழ் தேவையில்லையோ எனின், அதுவும் தவறு. நம் சங்கத்தையே பாருங்கள். கோவையிலிருந்து வந்த குடும்பத்தில் 'வர்றனுங்க' என்பர். நெல்லைக் குடும்பத்தில் 'வாரேன்' என்பர். தஞ்சைக் குடும்பத்தில் 'வரேன்' என்பர். மூன்று வீட்டாரும் எழுதும்போது 'வருகிறேன்' என்றே எழுதுகின்றனர். அந்த ஒரு சொல்லின் கீழ்தான் நாம் அனைவரும் கூடுகிறோம். இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழரும் அங்கே வந்து நம்மோடு சேர்கின்றனர். எழுத்துத் தமிழ் நமக்குப் பொதுக் கூரை. வீட்டுத் தமிழ் அவரவர் தரை. தரையின்றிக் கூரை நில்லாது. கூரையின்றித் தரை மழைக்கு ஆற்றாது. நாமும் இவ்வுரையை எழுத்துத் தமிழிலேயே நிகழ்த்துகிறோம். ஏனெனில் இது பல ஊரார் கூடிய அவை. உரை முடிந்து பந்திக்குச் சென்றபின், "அண்ணே, ரசம் இந்தப் பக்கம் வரலீங்களே!" என்றுதான் கேட்போம்.

செய்யத் தக்கவை

இவ்வாண்டு விழாவின் நினைவாக நான்கு செயல்களை நம் சங்கத்தார்முன் வைக்க விழைகிறோம். இவற்றுக்குப் பெரும்பொருட் செலவு இல்லை.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடநூலுக்குப் பின் அரை மணி நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிடுதல். அவ்வேளையில் நம் குடியிருப்பிலுள்ள பாட்டிமாரும் தாத்தாமாரும் வந்து தத்தம் ஊர்ப் பேச்சிலேயே பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும். வாரம் ஒரு மாவட்டமாக வைத்துக்கொண்டால், பிள்ளைகள் தமிழகம் முழுவதையும் காதினாலேயே சுற்றிவந்துவிடுவர்.

இரண்டாவது, பிள்ளைகளின் தமிழைக் கண்டு சிரிப்பதில்லை என்று ஒவ்வொரு வீட்டாரும் உறுதி கொள்ளுதல். ஊருக்குச் செல்லுமுன் அங்குள்ள உறவினர்க்கும் இதனைத் தொலைபேசியில் சொல்லிவிடுதல் நலம். 'பிள்ளை புத்தகத் தமிழ் பேசும். சிரிக்காதீங்க, பதில் பேசுங்க' என்று சொன்னால் அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, மனு எழுதத் தெரியாத நம் மக்களுக்கு மாதம் ஒரு மாலை சங்க அறையில் எழுதிக் கொடுத்தல். அவ்வாறு எழுதும்போது ஒரே விதியைக் கைக்கொள்வோம்: முதல் வரியில் யார், இரண்டாம் வரியில் என்ன வேண்டும், மூன்றாம் வரியில் எண்ணும் நாளும், அதன் பின்னரே வணக்கம். கேட்பது உரிமையாக இருக்கும்போது கெஞ்சவேண்டிய தேவை இல்லை.

நான்காவது, நம் மேடைக்கே உரியது. வரவேற்புரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் முன் அடுக்கும் அடைமொழிகளை ஒன்றாகக் குறைத்தல். இதனைச் சொல்லும்போது முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் புன்னகை செய்கின்றனர். உடன்பாட்டின் அறிகுறியாகவே அதனைக் கொள்கிறோம். மிச்சமாகும் நேரத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் மேடை ஏறிப் பேசலாம்.

முடிவாக ஒன்று. மரக்கால் என்ற சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு என்பதை வேளாண் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் அறிவீர்கள். அது நெல் அளக்கும் கருவி. பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். களத்தில் நெல் எத்துணை உயரமாகக் குவிந்து கிடந்தாலும், கொடுக்கும்போது மரக்காலில் இட்டுத் தலைதட்டியே அளப்பர். குறைத்து அளந்தால் வாங்குபவருக்கு இழப்பு. குவித்து அளந்தால் சிந்திப் பாழாகும். பேச்சும் அத்தகையதே. மேடைக்கு மேடையின் அளவு. பத்திரத்துக்குப் பத்திரத்தின் அளவு. மனுவுக்கு மனுவின் அளவு. பாட்டியின் மடிக்கு மடியின் அளவு. ஏறி நிற்கும் மரக்காலை வேண்டும்போது மட்டும் எடுத்துக்கொண்டு, அளந்து கொடுக்கும் மரக்காலை எப்போதும் கைவசம் வைத்திருப்போமாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!